எல்லாக் கணினியையும் ‘விண்டோஸ் 10’ என்று சொன்ன சோதனை அறிக்கையைத் திருத்திய அனுபவம்

எங்கள் குழுவின் இணையதளச் சோதனைகள் ஒவ்வோர் இரவும் பதினொரு மணிக்குத் தாமாகவே ஓடத் தொடங்கும். சோதனை நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. அது ஒரு லினக்ஸ் கணினியில் இயங்கும். உலாவிகள் திறப்பது செலினியம் கிரிட்டில் (உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் கருவியின், வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பில்) இணைந்துள்ள வேறு கணினிகளில்: நான்கு விண்டோஸ் மெய்நிகர்க் கணினிகள், ஒரு மேக் மினி. 2023 டிசம்பரில், பயனர் கருத்துப் பக்கத்தின் திரைப்பிடிப்பைப் பழைய மாதிரிப் படத்துடன் ஒப்பிடும் சோதனை ஒன்று, ஓர் இரவு தேறுவதும் மறு இரவு தோற்பதுமாக அலைக்கழிக்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் இருப்பவை ஒரு தலைப்பும், ஓர் எழுத்துப் பெட்டியும், மதிப்பிடுவதற்கான ஐந்து எமோஜி முகங்களும் மட்டுமே.

தேறிய ஓட்டத்தின் அறிக்கையிலும் தோற்ற ஓட்டத்தின் அறிக்கையிலும் முதல் வரி ஒன்றாகவே இருந்தது: “குரோம் 120.0.0.0, விண்டோஸ் 10”. சூழல் ஒன்றே என்று அறிக்கையே சொல்லும்போது அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பக்கம் முழுமையாக ஏறுவதற்கு முன்பே படம் எடுக்கப்படுகிறது என்று முடிவு கட்டி, காத்திருப்பு நேரத்தைக் கூட்டினேன், அசைவூட்டங்களை நிறுத்தினேன், படத்தை மூன்று முறை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. மூன்று முறை எடுத்த படங்களும் ஓர் ஓட்டத்துக்குள் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்த இரவுதான் மாறின.

நான்காம் நாள் இரண்டு படங்களையும் நானூறு விழுக்காடு பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். தேறிய படத்தில் மஞ்சள் முகத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு இருந்தது. தோற்ற படத்தில் அந்தக் கோடு இல்லை. முகமும் சற்று வேறு மஞ்சளாக இருந்தது. எமோஜியை குரோம் தானாக வரைவதில்லை. விண்டோஸில் அது ‘சீகோ யுஐ எமோஜி’ என்னும் இயங்குதள எழுத்துருவிலிருந்து வருகிறது. கறுப்புக் கோடு போட்ட முகங்கள் விண்டோஸ் 10-இன் அடையாளம். கோடில்லாத தட்டையான முகங்கள் விண்டோஸ் 11-க்காகப் புதிதாக வரையப்பட்டவை. நான்கு கணினிகளுள் இரண்டைக் கட்டமைப்புக் குழுவினர் நவம்பரில் மாற்றி அமைத்திருந்தனர் என்பதும், புதிய இரண்டிலும் விண்டோஸ் 11 இருந்தது என்பதும் விசாரித்த பிறகே தெரிந்தன. கிரிட் எந்தக் கணினி ஓய்வாக இருக்கிறதோ அதற்கு வேலையைத் தள்ளும். சோதனையின் தலைவிதி அதைப் பொறுத்து அமைந்திருக்கிறது.

படத்தைச் சரிசெய்வது எளிது. இயங்குதளத்துக்கு ஒன்றாக இரண்டு மாதிரிப் படங்கள் வைத்தால் போதும். ஆனால் எந்த மாதிரியை எடுப்பது என்று நிரல் முடிவு செய்ய வேண்டுமானால், தான் எங்கே ஓடுகிறது என்பது அதற்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையின் அந்த முதல் வரியை எழுதும் சார்பை (ஃபங்ஷன்) திறந்து பார்த்தேன்.

அது பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓடவிட்டு, யூசர் ஏஜென்ட் சரத்தை (உலாவி இணையதளத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் வரியை) வாங்கி, அதிலிருந்து எண்களை ரெகெக்ஸ் என்னும் வடிவத்தேடலால் பிடுங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11 கணினியில் குரோம் தந்த சரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: “மொசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64) ஆப்பிள்வெப்கிட்/537.36 (கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ) குரோம்/120.0.0.0 சஃபாரி/537.36”. ஓடுவது குரோம். ஆனால் அந்த வரியில் மொசில்லா உண்டு, ஆப்பிள் உண்டு, சஃபாரியும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இணையதளங்கள் தம்மைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று உலாவிகள் அணிந்துகொண்ட வேடம்.

அதில் உள்ள எண்களும் வேடந்தான். விண்டோஸ் 11-க்கும் என்டி எண் (விண்டோஸின் உள் பதிப்பு எண்) 10.0-தான். அதற்கு மேல், குரோம் இந்தச் சரத்தை வேண்டுமென்றே படிப்படியாகச் சுருக்கியது. 2022-இல் 101-ஆம் பதிப்பிலிருந்து முதல் எண்ணைத் தவிர மற்ற மூன்றும் சுழியாயின, அதே ஆண்டு 107-இலிருந்து மேசைக் கணினிகளின் இயங்குதளப் பகுதி உறைந்துபோயிற்று, 2023-இல் 110-இலிருந்து ஆண்ட்ராய்டு ஃபோன்கள் எல்லாம் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்று ஒரே பெயரில் வரத் தொடங்கின. பயனரை அவருடைய கருவியின் நுணுக்கங்களை வைத்து அடையாளம் கண்டு பின்தொடர்வதைத் தடுப்பது இதன் நோக்கம். பயனராக எனக்கு அதில் முழு உடன்பாடு. சோதனையாளராக நான் கவனித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: 120.0.0.0 என்று ஒரு குரோம் வெளிவரவே இல்லை. அந்த வாரம் எங்கள் கணினிகளில் இருந்தது 120.0.6099.109. மூன்று சுழிகளை ஓராண்டுக்கு மேல் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தச் சார்பு ஏன் இப்படி எழுதப்பட்டது என்று பழைய மாற்றக் குறிப்புகளில் தேடினேன். முன்பு அது, உலாவியை நிரலிலிருந்து இயக்க உதவும் வெப்டிரைவர் தரும் கேப்பபிலிட்டீஸ் பட்டியலில் (உலாவி, இயங்குதளம் பற்றிய விவரங்கள்) ‘வெர்ஷன்’, ‘பிளாட்ஃபார்ம்’ என்னும் இரண்டு சாவிகளைத்தான் படித்திருக்கிறது. அவை செலினியத்தின் பழைய நெறிமுறைக்கு உரியவை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரப்படுத்தி 2018-இல் பரிந்துரையாக வெளியிட்ட வெப்டிரைவர் நெறிமுறையில் அவற்றின் பெயர்கள் ‘பிரௌசர்வெர்ஷன்’, ‘பிளாட்ஃபார்ம்நேம்’ என மாறின. 2021-இல் வந்த செலினியம் 4 புதிய நெறிமுறையை மட்டுமே பேசும். நாங்கள் அதற்கு மாறியபோது பழைய சாவிகள் வெறுமையைத் தந்திருக்கின்றன. யாரோ அவசரத்தில் சாவிப் பெயரைத் திருத்துவதற்குப் பதிலாக யூசர் ஏஜென்டை நோக்கித் திரும்பிவிட்டார். அந்த ‘யாரோ’ நான்தான் என்பதையும் மாற்றக் குறிப்பு சொல்லியது.

ஆகவே முதல் திருத்தம் சுலபமாக முடிந்தது. அமர்வு (உலாவி திறந்து மூடும் வரையிலான ஓர் ஓட்டம்) தொடங்கியதும் டிரைவரின் கேப்பபிலிட்டீஸிலிருந்து பிரௌசர்வெர்ஷனை எடுத்தால் முழு எண்ணும் சுருக்கமின்றி வருகிறது; குரோமை இயக்கும் இடைநிரலான குரோம்டிரைவரின் சொந்தப் பதிப்பும் அதே பட்டியலில் ‘குரோம்’ என்ற சாவிக்குள் இருக்கிறது. இங்கே ஓர் இடறல் உண்டு. நாம் கேட்ட கேப்பபிலிட்டீஸ் வேறு, அமர்வு திருப்பித் தந்த கேப்பபிலிட்டீஸ் வேறு. என் முதல் முயற்சியில் நாம் கேட்டதை வைத்திருக்கும் ஆப்ஷன்ஸ் பொருளையே அச்சிட்டுவிட்டேன்; எனது மடிக்கணினியில் ஓடிய சோதனையின் அறிக்கையில் “பதிப்பு: ஸ்டேபிள்” என்று வந்தது. உலாவியையும் டிரைவரையும் தேடித் தரும் செலினியம் மேனேஜரிடம் எண்ணுக்குப் பதில் ‘ஸ்டேபிள்’ என்று கேட்கலாம் என்பதால் அப்படி எழுதி வைத்திருந்தேன். கடைக்காரரிடம் கொடுத்த சீட்டை ரசீது என்று நினைத்த கதை.

உலாவி முடிந்தது, இயங்குதளம் முடியவில்லை. பிளாட்ஃபார்ம்நேம் என்பதில் குரோம்டிரைவர் தருவது ‘விண்டோஸ்’ என்ற ஒரு சொல் மட்டுமே. ஃபயர்ஃபாக்ஸ் ‘மோஸ்’ முன்னொட்டுடன் பிளாட்ஃபார்ம்வெர்ஷன் ஒன்றைத் தருகிறது; விண்டோஸில் அதுவும் 10.0 என்றே வந்தது. மேக் மினியில் இருக்கும் சஃபாரி மட்டும் தன் முன்னொட்டுடன் மேக்ஓஎஸ் பதிப்பையும் பில்டு எண்ணையும் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய உள் எண்ணையும்) சரியாகவே தந்தது. அதே சஃபாரியின் யூசர் ஏஜென்ட், ஆப்பிளின் சொந்தச் சில்லில் மேக்ஓஎஸ் 14 ஓடும் அந்தக் கணினியை “இன்டெல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10_15_7” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குரோமுக்கு அடுத்த வழி கிளையண்ட் ஹின்ட்ஸ். சுருக்கப்பட்ட சரத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட இதில், யூசர்ஏஜென்ட்டேட்டா என்னும் பொருளிடம் ‘கெட்ஹைஎன்ட்ரோபிவேல்யூஸ்’ மூலம் விரும்பிய விவரத்தைக் கேட்டு வாங்கலாம். கேட்டேன், அந்தப் பொருளே இல்லை என்று பிழை வந்தது. அரை மணி நேரம் எழுத்துப்பிழை தேடிய பின்புதான் காரணம் புரிந்தது: எங்கள் உள் சோதனைத் தளம் வெறும் எச்டிடிபியில் இருந்தது. பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கத்தில் மட்டுமே உலாவி இதைக் காட்டும். எச்டிடிபிஎஸ் உள்ள உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து கேட்டபோது, பழைய கணினி 10.0.0 என்றும் புதியது 15.0.0 என்றும் பதில் சொல்லின. இந்த எண் விண்டோஸின் பெயரில் வரும் எண் அன்று. உள்ளுக்குள் இருக்கும் ஒரு நிரலிடைமுகத் தொகுதியின் பதிப்பு எண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விண்டோஸ் 11 என்று கொள்ளலாம் என மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. 15 என்று வந்ததைக் கண்டு அறிக்கையில் ‘விண்டோஸ் 15’ என்று எழுதிவிடுவது மிக எளிது; எச்சரிக்கை தேவை.

இது குரோமுக்கும் எட்ஜுக்கும் போதும். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இந்தப் பொருள் இல்லை. உலாவியிடம் கேட்டு அலுத்துப்போய், கணினியிடமே நேராகக் கேட்போம் என்று பைத்தானின் பிளாட்ஃபார்ம் தொகுதியை அழைத்து ஒரு வரி எழுதினேன். மறுநாள் காலை அறிக்கையில் நாற்பத்திரண்டு ஓட்டங்களும், மேக் மினியில் ஓடிய சஃபாரி உட்பட, லினக்ஸ் என்று பதிவாகியிருந்தன. அந்த வரி ஓடிய இடம் சோதனை நிரல் இருக்கும் கணினி; உலாவி இருந்ததோ வேறிடம். தன் மடிக்கணினியில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. இரண்டும் அங்கே ஒன்றுதான்.

அடுத்து கிரிட்டிடம் கேட்டேன். அதன் நிலை காட்டும் முகவரி, இணைந்துள்ள ஒவ்வொரு நோடின் (கணினியின்) முகவரியையும், அதில் நடக்கும் அமர்வின் அடையாள எண்ணையும், இயங்குதளத்தின் பெயரையும் சேர்த்தே தருகிறது. தேடியது கையில் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். நான்கு நோடுகளுக்கும் “விண்டோஸ் 10” என்று இருந்தது. அந்தப் பெயரை கிரிட் ஜாவாவிடமிருந்து பெறுகிறது. நோடுகளில் இருந்தது பழைய ஜாவா 11. விண்டோஸ் 11 வருவதற்கு முன் வெளியான ஜாவாவுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. பின்னர் வந்த புதுப்பிப்புகளில்தான் அது திருத்தப்பட்டது.

பொறுமை இழந்து, தொலைநிலை மேசை வழியாகப் புதிய கணினிக்குள் நுழைந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, ‘பிராடக்ட்நேம்’ என்ற பதிவைப் பார்த்தேன். திரையின் அடியில் பணிப்பட்டை நடுவில் நிற்கிறது. சாளரங்களின் மூலைகள் வளைந்திருக்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் இருந்ததோ “விண்டோஸ் 10 ப்ரோ”. அருகில் உட்கார்ந்திருந்த தோழர் எட்டிப் பார்த்துவிட்டு, “அதுவே தன்னைப் பத்து என்று நம்பும்போது நமக்கென்ன சார் வந்தது?” என்றார்.

நம்பத்தக்கது பில்டு எண் ஒன்றுதான். அதே ரெஜிஸ்ட்ரிப் பக்கத்தில் ‘கரன்ட்பில்டு’ என்ற பதிவில் பழைய கணினிகளுக்கு 19045, புதியவற்றுக்கு 22621 என்று இருந்தது. 22000-இலிருந்துதான் விண்டோஸ் 11 தொடங்குகிறது. கட்டளைச் சாளரத்தில் ‘வெர்’ என்று தட்டினாலும் 10.0 என்று தொடங்கி, அடுத்ததாக இந்த எண் வருகிறது, எல்லோரும் 10.0-இல் நின்றுவிடுகிறோம்.

இதைச் சோதனை நிரலுக்குக் கொண்டுவந்து சேர்த்த விதம் அழகானதன்று, ஆனால் உடையாமல் ஓடுகிறது. ஒவ்வொரு நோடும் தொடங்கும்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் பில்டு எண்ணைப் படித்து, பகிர்ந்த கோப்புறையில் அந்தக் கணினியின் பெயரிட்ட உரைக்கோப்பில் எழுதிவிடும். சோதனை தொடங்கியதும், தன் அமர்வு எண் எந்த நோடில் இருக்கிறது என்று கிரிட்டின் நிலை முகவரியில் பார்த்து, அந்தக் கணினியின் கோப்பைப் படிக்கும். இதை அமர்வு உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். நான் முதலில் அறிக்கை எழுதும் கட்டத்தில், அதாவது உலாவியை மூடிய பின், இதைச் செய்ய முயன்றேன். அமர்வு பட்டியலிலிருந்து நீங்கியிருந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது ஊகித்து எதையாவது நிரப்பாமல், “தெரியவில்லை” என்றே எழுதுமாறு வைத்திருக்கிறேன். பழைய சார்பில் ரெகெக்ஸ் பொருந்தாதபோது ‘விண்டோஸ் 10’ என்பது இயல்பு விடையாக எழுதப்பட்டிருந்ததை அழித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

எங்கள் சோதனைகளில் ஒரு பகுதி பிளேரைட் என்னும் வேறொரு சோதனைக் கருவியில் இருக்கிறது. அங்கே நிலைமை தலைகீழ். எல்லாம் லினக்ஸ் கன்டெய்னருக்குள் (தனித்து ஒதுக்கப்பட்ட லினக்ஸ் சூழலுக்குள்) ஓடுகின்றன. யூசர் ஏஜென்ட் விண்டோஸ் என்கிறது. அமைப்புக் கோப்பில் ‘டெஸ்க்டாப் குரோம்’ என்ற தயார்நிலைக் கருவி விவரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம்; திரை அளவோடு சேர்த்து விண்டோஸின் யூசர் ஏஜென்டையும் அது போர்த்திவிடுகிறது. உலாவிப் பொருளிடமே பதிப்பைக் கேட்டால் உண்மை வரும். பிளேரைட்டின் வெப்கிட் ஓட்டங்களை அறிக்கையில் ‘சஃபாரி’ என்று எழுதிவந்ததையும் ‘வெப்கிட்’ என்று மாற்றினேன். அது சஃபாரியின் எஞ்சினைக் கொண்டு கட்டப்பட்டதேயன்றி, ஆப்பிள் வெளியிடும் சஃபாரி அன்று.

பதிப்பு எண் சரியாக வரத் தொடங்கியதும், அதைப் பயன்படுத்தும் இடங்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தேடினேன். நாட்காட்டிப் பெட்டியைத் திறக்கும் ‘ஷோபிக்கர்’ வசதி குரோம் 99-இல் வந்தது. அதைச் சார்ந்த ஆறு சோதனைகளின் தலையில், பதிப்பு 99-க்குக் குறைவானால் தவிர்த்துவிடு என்று ஒரு விதி இருந்தது. விதி சரி; ஒப்பீடு எண்களுக்கிடையே நடக்கவில்லை, சரங்களுக்கிடையே, அதாவது எழுத்துத் தொடர்களுக்கிடையே நடந்தது. சரமாக ஒப்பிட்டால் 100-இன் முதல் எழுத்து 1, 99-இன் முதல் எழுத்து 9; ஆகவே 100 என்பது 99-ஐ விடச் சிறியது, 120-உம் சிறியதே. குரோம் 99 வெளிவந்தது 2022 மார்ச் 1. 100 வெளிவந்தது மார்ச் 29. அந்த ஆறு சோதனைகளும் தம் வாழ்நாளில் நான்கு வாரமே ஓடியிருக்கின்றன. பிறகு இருபது மாதம் ‘தவிர்க்கப்பட்டது’ என்ற சாம்பல் நிறத்தில் அமைதியாகப் படுத்திருந்தன.

இந்தத் தவறு புதிதன்று. 2009-இல் ஓபரா 10 வந்தபோது, பல தளங்கள் பதிப்பின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஓபரா 1 என்று கருதியதால், அந்த உலாவி தன் யூசர் ஏஜென்டில் 9.80 என்றே எழுதி, உண்மையான எண்ணைச் சரத்தின் கடைசியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஃபயர்ஃபாக்ஸும் 110 முதல் 119 வரை தன் யூசர் ஏஜென்டில் பதிப்பைச் சொல்லும் ‘ஆர்வி’ பகுதியை 109.0 என்று உறையவைத்திருந்தது. ‘ஆர்வி:11’ என்று தொடங்குவதைக் கண்டாலே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று முடிவு கட்டும் தளங்கள் அப்போதும் இருந்தன. எங்கள் நிரலில் இப்போது எண்களைப் புள்ளியில் பிரித்து, ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கி, வரிசையாக ஒப்பிடுகிறோம். 6099.71, 6099.109 ஆகியவற்றுள் எது புதியது என்பதிலும் இதே வலை இருக்கிறது என்பதால், முதல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இப்போது அறிக்கையின் தலையில் ஒரு வரிக்குப் பதில் நான்கு வரிகள் உள்ளன: கேட்ட சூழல்; அமர்வு தந்த உலாவி, டிரைவர் ஆகியவற்றின் முழுப் பதிப்பு; நோடின் பெயரும் பில்டு எண்ணும்; கடைசியாக, எதையும் வெட்டாமல் யூசர் ஏஜென்ட் சரம். கடைசி வரியை நீக்கிவிடலாமே என்று குழுவில் கேட்டார்கள். இணையதளத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சரம்தான் என்பதால், தளம் தவறாக நடந்துகொள்ளும்போது அதுவும் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். கருத்துப் பக்கத்தின் மாதிரிப் படங்கள் பில்டு எண்ணைப் பொறுத்து இரண்டு கோப்புறைகளில் இருக்கின்றன. கறுப்புக் கோடிட்ட முகம் ஒன்றில், கோடில்லாத முகம் மற்றொன்றில். அந்தச் சோதனை அதன்பின் தோற்கவில்லை.

சாம்பல் நிறத்திலிருந்து எழுப்பிய ஆறு சோதனைகளுள் ஐந்து முதல் இரவே பச்சையாயின. ஆறாவது சிவந்தது. பக்கம் ஏறியவுடன் நாட்காட்டி தானாகத் திறக்க வேண்டும் என்று எங்கள் தளத்தில் எழுதியிருந்தார்கள். பயனர் எதையும் அழுத்தாத நிலையில் ஷோபிக்கரை அழைத்தால் உலாவி மறுத்துவிடும் என்பதால், அந்த நாட்காட்டி யாருக்கும் ஒரு முறைகூடத் திறந்திருக்க முடியாது. தேதிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தானை வைத்து, அதை அழுத்தினால் திறக்குமாறு மாற்றியிருக்கிறோம்.